ஹுசேன் கான் நக்சிவான்ஸ்கி: பணிக்குறிப்பில் தேதியும் பட்டமும் முரண்படுவது ஏன்?

ஏடுபிரிப்பவர்:
ரஷ்யப் பேரரசின் அஜர்பைஜானிய ஜெனரல் ஹுசேன் கான் நக்சிவான்ஸ்கியின் பணி வரிசையைத் தொகுத்து வருகிறேன். கிழக்குப் பிரஷ்யாவில் ஜெர்மானியரோடு நடந்த கௌஷென் சண்டை ஒரு நூலில் 1914 ஆகஸ்ட் 6, இன்னொன்றில் ஆகஸ்ட் 19. ரஷ்யப் பெயர்ப்பட்டியல்களில் அவர் பெயரே அகப்படவில்லை. ‘குதிரைப்படை ஜெனரல்’, ‘அட்ஜுடண்ட் ஜெனரல்’ இரண்டில் எது மேல்? அந்தச் சண்டையில் அவர் ஜெயித்தாரா இல்லையா?

பழங்கணக்கு:
இரண்டும் ஒரே நாள்தான். ரஷ்யா 1918 பிப்ரவரி வரை ஜூலியன் நாட்காட்டியைத்தான் பின்பற்றியது. புதிய (கிரிகோரியன்) கணக்குக்கு மாற்ற 20-ஆம் நூற்றாண்டுத் தேதிக்கு 13 நாள் கூட்ட வேண்டும், 19-ஆம் நூற்றாண்டுக்கு 12. எல்லாவற்றுக்கும் 13 கூட்டினால் அவருடைய அப்பா காலத்துத் தேதிகள் ஒரு நாள் தள்ளிப்போகும். ‘6/19’ என்று இரண்டையும் எழுதிவிடுங்கள். ஜெர்மன் ஆவணங்களில் எப்போதும் புதிய கணக்கே இருக்கும்.

பெயரை ‘கான்’ என்ற சொல்லின் கீழும் தேடுங்கள். பட்டம் குடும்பப் பெயரோடு ஒட்டிவிட்டது. முதற்பெயரை ரஷ்யர்கள் ‘குசேயின்’ என்றே எழுதினார்கள்.

கல்பாலி கான் என்று வந்தால் மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். அப்பாவும் கல்பாலி கான், அண்ணன் மகனும் கல்பாலி கான், இருவருமே ஜெனரல்கள். அப்பா 1883-இல் இறந்தார், மற்றவர் பிறந்தது 1891-இல். ஆண்டைப் பார்த்தாலே பிரித்துவிடலாம். 1877-இல் துருக்கியர் முற்றுகையிட்ட பயாசெத் கோட்டைக்குள் இருந்தவர் பெரியப்பா இஸ்மாயில் கான். அவரையும் இவர்களோடு குழப்பிவிடுகிறார்கள்.

தோள்பட்டை:
பட்டத்தைப் பற்றி நான் சொல்கிறேன். இரண்டும் ஒரே ஏணியின் படிகள் அல்ல. ‘குதிரைப்படை ஜெனரல்’ என்பது படைத்தரம். லெப்டினன்ட் ஜெனரலுக்கு மேலே, ஃபீல்ட் மார்ஷலுக்குக் கீழே. குதிரைப்படையில் இருந்த ஏதோ ஒரு ஜெனரல் என்று மொழிபெயர்ப்பாளர்கள் எடுத்துக்கொள்வதுதான் வழக்கமான பிழை. ‘அட்ஜுடண்ட் ஜெனரல்’ என்பது பேரரசரின் பரிவாரப் பட்டம். அது 1915-இல் வந்தது, குதிரைப்படை ஜெனரல் தரம் 1916-இல். அட்டவணையில் தரம், பட்டம், பொறுப்பு என மூன்று பத்தி போடுங்கள். உதாரணத்துக்கு, 1906 முதல் 1911 வரை பேரரசரின் காவல் படையைச் சேர்ந்த காவல் குதிரை ரெஜிமென்ட்டின் தளபதி என்பது பொறுப்பு. 1883-இல் பேஜஸ் கோர் என்ற ராணுவப் பள்ளியில் படிப்பு முடித்து இளம் அதிகாரியாகச் சேர்ந்ததும் இதே ரெஜிமென்ட்டில்தான்.

புகைப்படத்தையோ பதக்கத்தையோ அடையாளம் காண்பதானால் சிலுவையின் நடுவட்டத்தை உற்றுப் பாருங்கள். 1844 முதல் 1913 வரை கிறிஸ்தவர் அல்லாதோருக்கான விருதுகளில் புனிதரின் உருவத்துக்குப் பதில் இருதலைக் கழுகைப் பொறித்தார்கள். ஜப்பானியப் போரில் 2-ஆம் தாகெஸ்தான் குதிரை ரெஜிமென்ட்டை நடத்தியதற்குக் கிடைத்த புனித ஜார்ஜ் விருதின் 4-ஆம் வகுப்புச் சிலுவை இந்த விதிக்குள் வருகிறது. 1914-இல் பெற்ற 3-ஆம் வகுப்புச் சிலுவையில் விதிப்படி குதிரையேறிய ஜார்ஜ் இருக்க வேண்டும். ஒரே மனிதரின் மார்பில் இரண்டு விதிகள். எனக்கு இந்த வாழ்க்கையில் மிகவும் பிடித்த இடம் இது.

குளம்படி:
கௌஷெனில் களம் அவர் கையில்தான் வந்தது. ஆனால் ஜெயித்த விதமும் மறுநாள் நடந்ததும்தான் வழக்கு. ரஷ்ய 1-ஆம் படையின் வலப்புறம் காக்க அவரிடம் நான்கு குதிரைப்படை டிவிஷன்கள் இருந்தன. லாண்ட்வேர் எனப்படும் ஜெர்மன் சேமப்படையின் ஒரு பிரிகேடைச் சுற்றி வளைக்க அது தாராளம். அவரோ பெரும்பகுதி வீரர்களைக் குதிரையிலிருந்து இறக்கி நேருக்கு நேர் மோதவிட்டார். அதிகாரிகள் ஏராளமாக மடிந்தார்கள். பின்னாளில் போல்ஷெவிக் எதிர்ப்புப் படைத் தலைவரான கேப்டன் ரேங்கெல் குதிரைமேல் பாய்ந்து பீரங்கிகளைப் பிடித்தது அந்த நாளில்தான்.

குண்டும் குறைந்து குதிரைகளும் களைத்ததால் படையை வடக்கே ஓய்வுக்கு இழுத்துக்கொண்டார். 7/20 அன்று கும்பின்னனில் ஜெர்மன் 1-ஆம் கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த படைத்தொகுதி), காவலற்று நின்ற வலப்புறத்தின் ரஷ்ய 28-ஆம் டிவிஷனை நொறுக்கியது. துணிச்சலில் அவரிடம் குறை காண முடியாது. பெரிய குதிரைப்படையை உளவுக்கும் பக்கக் காவலுக்கும் பயன்படுத்தாததே பிழை என்பது என் தீர்ப்பு.

ஏடுபிரிப்பவர்:
மிக்க நன்றி. 1917 தந்தியை என்ன செய்வது?

பழங்கணக்கு:
3/16 மார்ச், காவல் குதிரைப்படை கோர் பேரரசருக்கு விசுவாசமாக இருக்கிறது என்று அவர் பெயரில் போனது. அதற்கு முந்தின நாளே பேரரசர் நிக்கலாய் முடிதுறந்தாயிற்று. அவர் இல்லாதபோது கோரின் தலைமையகப் பணிக்குழுத் தலைவர் வினெகென் அனுப்பினார் என்றொரு தரப்பு உண்டு; ‘அவர் பெயரில்’ என்று மட்டும் எழுதுங்கள். மரணத்துக்கு ‘1919, பெத்ரோகிராத்’ போதும். 1918-இல் கைதானவர், கல்லறை கிடையாது. ரஷ்ய அரச குடும்பத்து இளவரசர்களோடு சுடப்பட்டதாகச் சொல்லும் நாளைத் தேதிப் பத்தியில் ஏற்றாதீர்கள்.