லைவ் எய்ட்: குயீன் ஜெயித்தது லிமிட்டராலா? மைக்செட் மாரி பதில் சொல்லட்டும்

கேசட்காலம்:
போன வாரம் வேறொரு பேச்சில் மைக்செட் மாரி போகிற போக்கில் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார். எத்தியோப்பியப் பஞ்சத்துக்குப் பணம் திரட்ட லண்டனிலும் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் ஒரே நாளில் நடந்த லைவ் எய்ட் கச்சேரியில் பிரிட்டிஷ் ராக் குழுவான குயீன் ஒன்றும் பெரிதாகச் சாதிக்கவில்லையாம், சத்தத்தைக் கட்டுப்படுத்துகிற லிமிட்டரைக் கழற்றிவிட்டு மற்றவர்களைவிடச் சத்தமாக வாசித்தார்களாம், அவ்வளவுதானாம். எரிச்சல் அடங்காமல் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்தக் கச்சேரியின் பதிவாக 2004-ல் வந்த நாலு டிவிடியையும் திரும்பப் பார்த்தேன். 1985 ஜூலை 13, லண்டன் வெம்பிளி மைதானம், மாலை 6.41. குயீனின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி வெள்ளை பனியனும் ஜீன்ஸுமாக ஓடி வந்து பியானோவில் உட்காருகிறார், பியானோ மேல் பெப்சி கப்புகள், அடுத்த 21 நிமிடத்துக்கு அந்த மைதானம் அவர் கைக்குள். 'ரேடியோ கா கா' பாட்டில் எழுபதாயிரம் பேர் தலைக்கு மேல் கையைத் தூக்கி ஒன்றுபோலத் தட்டுகிறார்கள். எந்தப் பெட்டியைக் கழற்றினால் இது வரும் என்று அண்ணன் சொல்லட்டும்.

மைக்செட் மாரி:
கூப்பிட்டதால் வந்தேன். இருபத்திரண்டு வருடமாக மைக்செட் போடுகிறவன் நான், டிவிடி பார்த்துப் பேசுகிறவன் இல்லை. லிமிட்டர் என்பது சத்தம் ஒரு கோட்டைத் தாண்டும்போது தலையில் தட்டி உட்கார வைக்கிற வாத்தியார். வெம்பிளியில் எல்லோருக்கும் ஒரே பாக்ஸ், ஒரே ஆம்ப்ளிஃபயர். சுழல்கிற மேடையில் ஆளுக்குச் சுமார் இருபது நிமிடம், சவுண்ட் செக் கிடையாது. அத்தனை பேரும் வாத்தியாருக்குப் பயந்து வாசித்தபோது குயீனின் சவுண்ட் இன்ஜினியர் டிரிப் கலஃப் யாருக்கும் தெரியாமல் வாத்தியாரையே வெளியே அனுப்பிவிட்டார். நான் கட்டிய கதை இல்லை, குயீன் ஆட்களே பிற்பாடு பெருமையாகச் சொல்லிக்கொண்டதுதான். ஓட்டப்பந்தயத்தில் ஒருத்தன் மட்டும் பைக்கில் வந்தால் அவனுக்கு மாலை போடுவீர்களா?

கேசட்காலம்:
ஒத்திகையை ஏன் விட்டுவிட்டீர்கள்? அந்த 21 நிமிடத்துக்காக கிங்ஸ் கிராஸ் பக்கம் ஷா தியேட்டரில் நாள் கணக்காக, கடிகாரத்தை வைத்துப் பழகினார்கள். அவர்களுடைய நீண்ட பாட்டான 'பொஹீமியன் ராப்சடி'யை முழுசாகப் பாடாமல் வெட்டியது எதற்கு, நேரத்துக்குள் ஹிட் பாடல்களை அடுக்கத்தானே? மூளையும் உழைப்பும் அங்கே இருக்கிறது.

மைக்செட் மாரி:
ஒத்திகை பார்க்கட்டும், யார் வேண்டாம் என்றது. லிமிட்டர் இருந்ததா, இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

ஆல்பர்ட்டன் அக்கா:
தம்பிமாரே, நான் அப்போது வெம்பிளிக்குப் பக்கத்தில்தான் வாடகை அறையில் இருந்தேன். டிக்கெட் 25 பவுண், அதில் 20 நன்கொடை, எங்களுக்கு அது நினைத்தும் பார்க்க முடியாத காசு. டிவியில் பார்த்தபடியே இடைக்கிடை வாசலுக்கும் போய் நின்றோம், மைதானப் பக்கமிருந்து டும் டும் என்று கேட்டது.

மைக்செட் மாரி:
பார்த்தீர்களா! நேரில் இருந்தவர்களே சாட்சி சொல்கிறார்கள். வாசல் வரைக்கும் கேட்டிருக்கிறது.

ஆல்பர்ட்டன் அக்கா:
அவசரப்படாதீங்கோ. மத்தியானம் 12 மணிக்கு முதல் குழுவான ஸ்டேட்டஸ் குவோ தொடங்கினபோதே கேட்டது. எல்லாருக்கும் கேட்டது. பஞ்சத்தில் எலும்புக்கூடாகிப்போன பிள்ளைகளின் படத்தைப் போட்டபோது மட்டும்தான் எங்கள் அறையில் ஒருவரும் கதைக்கவில்லை. அந்தப் படத்துக்கு இடம் விட பாடகர் டேவிட் போவி தன் பாட்டு ஒன்றையே விட்டுக்கொடுத்தவர். அது பற்றி இங்கே ஒருவரும் எழுதக் காணோம்.

யூ2 வெறியன்:
என்னைக் கேட்டால் அன்றைய நாள் குயீனுடையதே இல்லை. அயர்லாந்துக் குழுவான யூ2 'பேட்' பாட்டை 12 நிமிடம் வாசித்தார்கள். அவர்களுடைய பாடகர் போனோ மேடையை விட்டுக் குதித்துக் கூட்டத்திலிருந்து ஒரு பெண்ணோடு ஆட, மூன்றாவதாக வைத்திருந்த 'பிரைட்' பாடவே நேரமில்லாமல் போனது. தோற்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு இறங்கியவர்கள் அங்கிருந்துதான் மேலே போனார்கள். லிமிட்டர் மாட்டிக்கொண்டே.

கேசட்காலம்:
யூ2-வுக்குத் தனியாக ஒன்று ஆரம்பித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு தடவையும் அந்த 12 நிமிடத்தைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

யூ2 வெறியன்:
இது என்ன உங்கள் அப்பன் வீட்டுத் திண்ணையா? 2018-ல் குயீனைப் பற்றி வந்த 'பொஹீமியன் ராப்சடி' படத்தைப் பார்த்துவிட்டுக் குயீன் ரசிகரானவர்கள்தான் இப்படித் துள்ளுகிறீர்கள்.

கேசட்காலம்:
அந்தப் படத்தை என் தலையில் கட்டாதீர்கள். குயீன் பிரிந்து போய் லைவ் எய்டுக்காகத் திரும்பச் சேர்ந்ததுபோல் காட்டியது பச்சைப் பொய், அதே வருடம் ஜனவரியில் ரியோவில் வாசித்தவர்கள், மே வரை சுற்றுப்பயணத்தில் இருந்தவர்கள். ஃப்ரெடியின் எய்ட்ஸ் நோய் விஷயத்தையும் லைவ் எய்டுக்கு முன்னாலேயே இழுத்து வைத்துவிட்டார்கள். நான் 1988-லிருந்து கேசட்டில் கேட்கிறவன், பெயரைப் பார்த்தாலே தெரியும்.

பார்சி காலனி பையன்:
ஃப்ரெடி நம்ம ஆள் என்பதையும் சொல்லுங்கள். ஃபரூக் புல்சாரா, பஞ்சகனியில் படித்தவர்.

யூ2 வெறியன்:
ஆரம்பித்துவிட்டார்கள். பிறந்தது சான்சிபார், பாடியது லண்டன். இரண்டுக்கும் நடுவே ஹாஸ்டலில் இருந்ததற்கு நாம் பட்டாசு வெடிக்க வேண்டுமா?

மைக்செட் மாரி:
பிறப்புச் சான்றிதழை அப்புறம் பார்க்கலாம். லிமிட்டருக்கு இன்னும் பதில் வரவில்லை. ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். ஒரு கோயில் கொடையில் கீழத்தெருவுக்கு என் செட், மேலத்தெருவுக்கு இன்னொருத்தன் செட். நான் எல்லாவற்றையும் அளவாக, காது கூசாமல் வைத்திருந்தேன். அவன் மிக்ஸரில் எல்லாக் குமிழையும் முழுசாகத் திருகிவிட்டான். அரை மணி நேரத்தில் என் பக்கத்துக் கூட்டம் பூரா அங்கே. மறுநாள் அவன் பாக்ஸில் இரண்டு காயில் கருகிப்போனது, ஆனால் ஊரில் பேசியது அவன் செட்டைப் பற்றித்தான். சத்தம் எப்படி ஜெயிக்கும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

கேசட்காலம்:
ஓ, கதை அங்கே போகிறதா. மேலத்தெருக்காரன் மேல் இருக்கிற கோபத்தை ஃப்ரெடி மேல் காட்டுகிறீர்கள். சரி, தொழில்காரர்தானே, இதற்குச் சொல்லுங்கள்: டிவிக்குப் போனது மைதானத்துப் பாக்ஸ் சத்தமா? அதற்குத் தனிக் கலவை. நான் பார்த்த டிவிடியும் அதுபோலத்தான், பாக்ஸில் லிமிட்டர் இருந்தால் என்ன, எரிந்தால் என்ன, என் வீட்டு ஸ்பீக்கரில் குயீனும் அன்று வாசித்த இன்னொரு குழுவான டயர் ஸ்ட்ரெய்ட்ஸும் ஒரே அளவில்தான் கேட்கிறார்கள். பிறகு எனக்கு ஏன் புல்லரிக்கிறது?

மைக்செட் மாரி:
மைதானத்தில் சத்தம் ஏறினால் கூட்டம் ஏறும், கூட்டம் ஏறினால் பாடுகிறவன் ஏறுவான், அதைத்தான் நீங்கள் டிவியில் பார்க்கிறீர்கள். ஆக ஆரம்பம் எங்கே? லிமிட்டரில். இன்னொன்று, குயீன் வருவதற்கு முன்னால் நகைச்சுவை நடிகர்கள் மெல் ஸ்மித்தும் கிரிஃப் ரைஸ் ஜோன்ஸும் போலீஸ் வேஷத்தில் வந்து என்ன சொன்னார்கள்? சத்தம் தாங்கவில்லை என்று பெல்ஜியத்திலிருந்து ஒரு அம்மா புகார் கொடுத்திருக்கிறாராம். டிவிடியில் அதைப் பார்க்கவில்லையா?

கேசட்காலம்:
அண்ணா, அது நகைச்சுவை. அதுவும் குயீன் வாசிப்பதற்கு முன்னால்!

மைக்செட் மாரி:
நெருப்பில்லாமல் புகையாது.

யூ2 வெறியன்:
நெருப்பு வருவதற்கு முன்னாலேயே புகை வந்துவிட்டதாம். விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஸெப்பெலின் சித்தப்பா:
இவ்வளவு பேசுகிறீர்கள், பிலடெல்பியா என்று ஒரு மேடை இருந்ததே யாருக்கும் ஞாபகமில்லை. ஃபில் காலின்ஸ் வெம்பிளியில் பாடிவிட்டு கான்கார்ட் விமானத்தில் பறந்து போய் ராக் குழுவான லெட் ஸெப்பெலினுக்கு டிரம்ஸ் வாசித்த நாள் அது. கேசட்காலம் பார்த்த நாலு டிவிடியில் ஸெப்பெலின் இருக்கிறதா?

கேசட்காலம்:
இல்லை. வாசித்தது சகிக்கவில்லை என்று அவர்களே சேர்க்கக் கூடாது என்றுவிட்டார்கள்.

ஸெப்பெலின் சித்தப்பா:
பழியெல்லாம் ஃபில் காலின்ஸ் தலையில். அவர் ஒத்திகைக்கு வரவில்லை என்கிறார்கள், சரி, ஸெப்பெலின் பாடகர் பிளான்ட்டுக்குத் தொண்டை கட்டியதற்கும் அவரா காரணம்?

மைக்செட் மாரி:
ஸெப்பெலின் ஏன் எடுபடவில்லை தெரியுமா? லிமிட்டர்.

ஸெப்பெலின் சித்தப்பா:
அது வேறு நாடு, வேறு மைதானம், வேறு மைக்செட் தம்பி.

மைக்செட் மாரி:
எந்த நாட்டில் கட்டினாலும் மைக்செட் மைக்செட்தான் சித்தப்பா. இப்போது ஒரு கல்யாண வீட்டுக்குப் பாக்ஸ் ஏற்ற வேண்டும், ஆள் வந்து நிற்கிறான். ராத்திரி வந்து மீதியை எழுதுகிறேன். அதுவரை கேசட்காலம் இரண்டாவது டிவிடியைத் திரும்பப் போட்டு, குயீனின் 'ஹேமர் டு ஃபால்' பாட்டு ஆரம்பிக்கிற இடத்தை ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்கட்டும்.

கேசட்காலம்:
எட்டு தடவை கேட்டாகிவிட்டது. ஒன்பதாவது தடவை கேட்டாலும் அங்கே லிமிட்டர் இல்லை.

மைக்செட் மாரி:
அதைத்தானே நானும் சொல்கிறேன்.