ஃபைனலில் (இறங்கும் முன் ஓடுபாதைக்கு நேரே வரும் கடைசிக் கட்டத்தில்) வேகத்தைப் பத்து நாட் (விமான வேக அளவு) கூட வைக்கலாமா?

வால்சக்கரம்:
"ஃபைனலில் எப்பவும் வேகத்தைப் பத்து நாட் கூடவே வைத்துக்கொள், விபத்தே வராது" என்று ஒருவர் புதியவர்களுக்கு அறிவுரை சொல்லியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை 65 நாட்டில் கொண்டுவர வேண்டிய இடத்தில் 75-ல் வந்தால், தொலைக்க வேண்டிய ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. விமானம் உட்காராமல் ஓடுபாதைக்கு மேலே மிதந்துகொண்டே போகும். பொறுமையிழந்து மூக்கை அமுக்குவார்கள். முன்சக்கரம் முதலில் அடிக்கும், துள்ளும், மறுபடி அமுக்குவார்கள். அப்புறம் ப்ரொப்பெல்லர் தரையில் சீவும்.

நீலவானம்:
அந்த ஒருவர் நான்தான். பெயர் சொல்லியே திட்டியிருக்கலாம். முன்சக்கரம் உடைந்தால் பணம் போகும், தாழ்வாகப் பறக்கும்போது ஸ்டால் ஆனால் (இறக்கை தூக்குவிசையை இழந்தால்) உயிர் போகும். ஃபைனலுக்கு 45 டிகிரி சாய்த்து, உயரம் குறையாமல் திரும்பினால் ஸ்டால் வேகம் 19 சதவீதம் ஏறும். அங்கே காப்பாற்றுவது அந்தப் பத்து நாட்தான்.

வால்சக்கரம்:
காப்பாற்றாது. வேகம் கூடினால் திருப்பத்தின் வட்டம் பெரிதாகும், ஓடுபாதை நேர்கோட்டைத் தாண்டிப் போவீர்கள். அதைச் சரிக்கட்ட திருப்பத்தின் உள்பக்க ரடரை (வால் சுக்கானின் மிதியை) மிதிப்பார்கள். சுழன்று விழுவது அதனால்தான். பத்து நாட் எந்தக் கையேட்டில் இருக்கிறது?

காற்றுமானி:
இருவரும் காற்றை மறந்துவிட்டீர்கள். 15 நாட் காற்று 25 வரை வீசி அடித்தால், அந்த வித்தியாசத்தில் பாதியைக் கூட்டுவது வழக்கம்தானே?

வால்சக்கரம்:
பாதி என்றால் ஐந்து. பத்து இல்லை. அதுவும் வீசி அடிக்கும் நாளில் மட்டும், "எப்பவும்" இல்லை.

நீலவானம்:
வால்சக்கர விமானம் (முன்சக்கரத்துக்குப் பதில் வாலில் சக்கரம் உள்ளது) ஓட்டினால்தான் பைலட் என்ற நினைப்பு. கிரவுண்ட் லூப் (தரையில் ஓடும்போது விமானம் கட்டுமீறிச் சுழல்வது) பற்றிய விவாதத்திலும் இதே திமிர்தான்.

வால்சக்கரம்:
அங்கே பாதியில் ஓடிப்போனது நீங்கள். பக்கக்காற்றில் வாலைப் பிடித்து நிறுத்தத் தெரியாதவருக்கு என் பேச்சு திமிராகத்தான் தெரியும்.

புதுச்சிறகு:
நான் மாணவன். துள்ளிவிட்டால் என்ன செய்வது?

வால்சக்கரம்:
மூக்கை அமுக்காதே. முழு த்ராட்டில் கொடுத்து, மூக்கைக் கட்டுப்பாட்டில் வைத்து, கோ-அரவுண்ட் போ, அதாவது இறங்காமல் மறுபடி மேலேறிச் சுற்றி வா. ஃபிளாப்பை (இறக்கையின் பின்னால் இறக்கி வைத்த தகட்டை) படிப்படியாக எடு.

நீலவானம்:
பார்த்தாயா தம்பி, அதற்கும் வேகம்தான் வேண்டும்.

வால்சக்கரம்:
அதற்கு வேண்டியது எஞ்சின் சக்தி. மறுபடி கேட்கிறேன், பத்து நாட் எந்தக் கையேட்டில்?

நீலவானம்:
இத்தனை வருடமாகப் பத்திரமாக இறக்குகிறேன். அது போதும் எனக்கு.

வால்சக்கரம்:
நான் கேட்டது கையேடு. பக்க எண்ணோடு சொல்லுங்கள்.