தீம் பார்க் கூட்டமும் தீர்ந்து போகும் டி-சர்ட்டும்: போய் வந்தவர்கள் சொல்கிறோம்

திருப்பூரிலிருந்து:

எப்போது கூட்டம் இருக்கும் என்பதை நம்ம வீட்டுக் காலண்டரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். போகிற ஊரில் பள்ளிக்கூடம் எப்போது லீவு என்று முதலில் பாருங்கள். மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் நாங்களும் மச்சான் குடும்பமும் கோவையிலிருந்து நேரடி விமானத்தில் சிங்கப்பூர் போனோம். செந்தோசா தீவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டூடியோஸில் நான் பயந்த கூட்டத்தில் பாதிகூட இல்லை. காரணம் எளிது. அங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. மார்ச்சில் ஒரு வாரம், ஜூனில் நான்கு வாரம், செப்டம்பரில் ஒரு வாரம், அப்புறம் நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முடியும்வரை பெரிய லீவு. நமக்கு மே முழுக்க லீவு, அவர்களுக்கு மே மாதம் வகுப்பு நடக்கிறது. மே தினமும் விசாக தினமும் வராத ஒரு செவ்வாய், புதனாகப் பார்த்துப் போனால் உள்ளூர்ப் பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். அரையாண்டு லீவில் டிசம்பரில் போகலாம் என்று மச்சான் முதலில் சொன்னார், நான்தான் வேண்டாம் என்றேன். காலாண்டு லீவும் யோசித்தோம், ஆனால் அக்டோபர் 1 அன்று சீனாவில் தேசிய நாள் விடுமுறை தொடங்குகிறது, அந்த வாரம் சிங்கப்பூருக்கு அவர்கள் திரளாக வருவார்கள்.

விவோசிட்டியில் ஏறினால் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் நிலையத்தில் இறக்கிவிடுகிறது, அங்கிருந்து நடைதான். வாசல் திறப்பதற்கு முன்பே போய் நின்றுவிட வேண்டும், இதில் சமரசமே கிடையாது. மினியன் லேண்ட் (மினியன் என்கிற மஞ்சள் பொம்மைகளுக்கான பகுதி) 2025 பிப்ரவரி 14 அன்று திறந்தது. புதியது என்பதால் எல்லோரும் அதற்குத்தான் ஓடுகிறார்கள், எங்கள் பிள்ளைகளுக்கும் அதுதான் வேண்டும். அதனால் அதை முதலில் முடித்தோம். மற்றதெல்லாம் அப்புறம்.

வரிசை வாசலில் போர்டில் போடும் நிமிடக் கணக்கைப் பார்த்துப் பலர் பாதியில் திரும்பிவிடுகிறார்கள். அது எப்படி வருகிறது என்று தெரிந்தால் அந்தப் பதற்றம் இருக்காது. ஒரு வண்டியில் 12 பேர், நிமிடத்துக்கு ஒரு வண்டி கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 720 பேர். உங்களுக்கு முன்னால் 360 பேர் நின்றால் அரை மணி நேரம், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் ஒரு வண்டியை நிறுத்திவிட்டாலோ, பெல்ட் சரிபார்க்கக் கொஞ்சம் தாமதமானாலோ அந்த அரை மணி முக்கால் மணியாகிவிடும். நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் பவர்டேபிளில் (தையல் மெஷின்கள் வரிசையாக ஓடும் இடம்) பத்து மெஷின் ஓடினாலும் கழுத்து ஏற்றுகிற ஒரு மெஷின் மெதுவாக இருந்தால் மொத்த லைனும் அந்த வேகத்தில்தான் ஓடும் இல்லையா, அதுபோலத்தான். கூடுதல் காசு கொடுத்து எக்ஸ்பிரஸ் டிக்கெட் வாங்கியவர்களுக்குத் தனி வரிசை, அவர்கள் கடைசியில் நம்ம வரிசையோடு வந்து சேரும் இடத்தில் அவர்களைத்தான் அதிகம் உள்ளே விடுவார்கள், அதனால் சாதாரண வரிசை அந்த இடத்தில் நின்று நின்று நகரும். டிஸ்னி பூங்காக்களில் இந்த நேரத்தை அளக்கவே, வரிசையில் நுழைகிற ஒருவர் கையில் சிவப்பு அட்டை ஒன்றைக் கொடுத்து, ரைடு வாசலில் வாங்கிப் பார்ப்பார்களாம். இடைப்பட்ட நேரம்தான் போர்டுக்கு வரும். போர்டில் இருப்பது ஏற்கெனவே நின்று முடித்தவருடைய நேரம், இப்போது நுழைகிற உங்களுடைய நேரம் அல்ல. மதியச் சாப்பாட்டு நேரத்திலும் ஷோ தொடங்குகிற நேரத்திலும் இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் தெரிந்தது. வாட்டர்வேர்ல்ட் ஷோவுக்கு ஜனங்கள் போய் உட்கார்ந்ததும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடு வரிசை கண்ணெதிரே குறைந்தது.

தனியாளாக ஏறத் தயார் என்றால் சிங்கிள் ரைடர் வரிசை இருக்கிறது. குடும்பத்தோடு ஒரே வண்டியில் உட்கார முடியாது, ஆனால் நேரம் பாதிக்கு மேல் மிச்சம். மச்சானும் நானும் பேட்டில்ஸ்டார் ரோலர் கோஸ்டருக்கு அப்படித்தான் போனோம். அதற்கு 125 செ.மீ. உயரம் வேண்டும், டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102 போதும். வீட்டிலேயே பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி அளந்துவிட்டுப் போங்கள். வரிசையில் நின்று, வாசலில் கோலை வைத்து அளந்து, "இல்லை தம்பி" என்று சொல்லும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை (எங்கள் பிள்ளை இல்லை, முன்னால் நின்ற குடும்பம்). பிற்பகலில் இடி இடித்தால் வெளியில் ஓடும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், அதனால் அவற்றைக் காலையிலேயே முடித்துவிட்டு டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி போன்ற கூரைக்குள் இருப்பவற்றை மதியத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது.

இனி என் தொழில் சம்பந்தப்பட்டது. நான் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் (ஆர்டரை ஆரம்பத்திலிருந்து அனுப்பும்வரை கவனிக்கிற வேலை), அதனால் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் டி-சர்ட் கடையில்தான் அதிக நேரம் நிற்பேன். எல்லோரும் கடைக்குப் போவது சாயங்காலம் வெளியே வரும்போது. பில் போடும் இடத்தில் ரைடைவிட நீளமான வரிசை நிற்கும், அந்த நேரத்தில் எம், எல் இரண்டும் அலமாரியில் மெலிந்துவிடும். நாங்கள் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய கடைக்கு மதியமே போனோம். அங்கே மடித்து அடுக்கிக்கொண்டிருந்த பெண் நம்ம பேச்சைக் கேட்டு, "தமிழா அண்ணே? எந்த ஊரு?" என்றார். திருப்பூர் என்றதும் சிரித்துவிட்டு, "அப்ப நீங்கதான் எங்களுக்குச் சொல்லணும்" என்றார். அலமாரியில் இல்லாத சைஸை உள்ளே போய்ப் பார்த்து எடுத்து வந்தார், மதியம் என்பதால் அதற்கு அவருக்கு நேரம் இருந்தது. சாயங்காலம் அவரிடம் அதைக் கேட்கவே முடியாது.

வாங்குவதற்கு முன் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். துணியை உள்பக்கம் திருப்பித் தோள் தையலைப் பாருங்கள், டேப் வைத்துத் தைத்திருந்தால் தோள் இழுபடாது. கழுத்து ரிப்பை விரலால் இழுத்துவிடுங்கள், விட்டவுடன் பழையபடி திரும்ப வேண்டும். சைடு தையல் கீழே வரும்போது முன்பக்கமாகத் திருகிக்கொண்டு வந்தால் இரண்டு துவையலில் இன்னும் திருகும், அதை வாங்க வேண்டாம். பிரிண்டைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தால் வெடிப்பு விடுகிறதா என்று தெரியும். அட்டையில் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) போட்டிருந்து அது 160, 180 என்றால் நம்ம வெயிலுக்குச் சரி, 220 எல்லாம் ஊட்டிக்குத்தான். சைடில் இருக்கும் லேபிளையும் நான் விடமாட்டேன். சைனா, பங்களாதேஷ் நிறைய இருந்தது. ஒரு குழந்தை டி-சர்ட்டில் இந்தியா என்று இருந்ததும் மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன். எந்தக் கம்பெனியோ தெரியாது, ஆனாலும் நம்மூர் செக்கிங் டேபிளில் யாரோ ஒரு அக்கா நூல் பிசிறு வெட்டி அனுப்பியதாக இருக்கலாம் என்று நினைத்தபோது அதை வைத்துவிட்டு வர மனசு வரவில்லை. வாங்கிவிட்டேன்.

பொள்ளாச்சியிலிருந்து:

நீங்கள் காலண்டர் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரிங்க அண்ணா. எங்களுக்குக் கொச்சி பக்கம், பாலக்காடு, திருச்சூர் வழியாகக் காரிலேயே போய்விடலாம். பள்ளிக்கரையில் இருக்கும் வொண்டர்லாவுக்கு (2000-ல் திறந்தபோது வீகாலேண்ட் என்ற பெயர், இன்னும் எங்கள் அப்பா அப்படித்தான் சொல்கிறார்) நாங்கள் ஓணம் வாரத்தைத் தவிர்த்துவிட்டுத்தான் போவோம். நமக்கு அது சாதாரண வாரம் மாதிரி இருக்கும், அங்கே மாநிலமே லீவில் இருக்கும். ஏப்ரல், மே இரண்டு மாநிலத்துக்கும் ஒரே நேரத்தில் லீவு என்பதால் அப்போதும் வேண்டாம். எங்களுக்கு ஒத்துவந்தது காலாண்டு லீவுதான். ஓணம் முடிந்திருக்கும், பூஜை நாட்களை மட்டும் விட்டுவிட்டால் வாரநாளில் கையை வீசி நடக்கலாம்.

ஒரு விஷயம் யாரும் சொல்வதில்லை. காலையில் எல்லோரும் தண்ணீருக்குத்தான் ஓடுவார்கள், அப்போது மேலே ஓடும் உலர்ந்த ரைடுகள் காலியாக இருக்கும். மதியத்துக்கு மேல் ஈரத்தோடு எல்லோரும் அங்கே வருவார்கள், நாம் அப்போது தண்ணீருக்குள் இறங்கிவிட வேண்டும். அலைக்குளம் மட்டும் எந்த நேரமும் நிறைந்துதான் இருக்கிறது, ஆனால் அலை விட்டு விட்டுத்தான் வரும், அலை நின்றதும் பாதிப் பேர் வெளியேறுவார்கள். அந்த இடைவெளியில் உள்ளே போய் இடம் பிடித்துக்கொண்டால் அடுத்த அலைக்கு நன்றாக இருக்கும். வரிசையில் அதிகம் நிற்காமல் போகிற ஃபாஸ்ட்ராக் டிக்கெட் பற்றிக் கேட்கிறவர்களுக்கு என் பதில்: வாரநாளில் தேவையில்லை, ஞாயிற்றுக்கிழமைதான் போக முடியும் என்றால் காசைப் பார்க்காமல் எடுத்துவிடுங்கள்.

ஈரோட்டிலிருந்து:

தம்பி, டி-சர்ட் கதையைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. வெளிநாட்டில் ஒரு பெரிய பூங்கா, பெயர் வேண்டாம். என் மகளுக்கு அங்கே விற்கிற பாப்கார்ன் டப்பா ஒன்று வேண்டும், கழுத்தில் மாட்டிக்கொள்கிற மாதிரி பொம்மை வடிவத்தில் இருக்குமே, அது. இங்கிருந்து கிளம்புவதற்கு முன்பிருந்தே அதைப் பற்றித்தான் பேச்சு. காலையில் வாசல் திறந்ததும் போனால் அந்தப் பாப்கார்ன் விற்கிற வண்டிக்கு முன்னால் ஏற்கெனவே வரிசை வளைந்து நிற்கிறது. ரைடுக்குக்கூட அவ்வளவு வரிசை இல்லை. எங்கள் முறை வருவதற்குள் தீர்ந்துவிட்டது என்று கையை விரித்துவிட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒருவர் இரு கையிலும் கூடை கூடையாக அள்ளிக்கொண்டு போனார், அன்று சாயங்காலமே அதே டப்பா ஆன்லைனில் மூன்று மடங்கு விலைக்குக் கிடந்தது. ஆளுக்கு ஒன்று என்று ஒரு போர்டு வைத்திருந்தால் என் பிள்ளைக்கும் கிடைத்திருக்கும். என் மகள் அழவே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "பரவாயில்லைம்மா, ரைடு போலாம்" என்றாள்.

என் கேள்வி இதுதான். அவ்வளவு பெரிய கம்பெனி, தீர்ந்து போகும் என்று தெரியாதா? அடுத்த நாளே கொண்டுவந்து வைக்க முடியாதா?

திருப்பூரிலிருந்து:

அக்கா, டப்பா பற்றி எனக்குத் தெரியாது, துணியை வைத்துச் சொல்கிறேன். ஒரு பொம்மைப் படம் போட்ட டி-சர்ட்டை எங்களால் நினைத்தவுடன் அடித்துக் கொடுக்க முடியாது. டிஸ்னி படம் போட்டுத் தைக்க வேண்டுமென்றால் அந்த ஃபேக்டரிக்கே முன்கூட்டி அவர்களிடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அப்புறம் கலருக்கு லேப் டிப் (சாயம் போட்ட மாதிரித் துணி), பிரிண்டுக்கு ஸ்ட்ரைக் ஆஃப் (மாதிரி பிரிண்ட்), சைஸ் செட் (ஒவ்வொரு சைஸிலும் தைத்த மாதிரி), எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்றாக ஒப்புதல் வர வேண்டும். படத்தில் இருக்கும் மஞ்சள் ஒரு சாயல் மாறினாலும் திரும்ப அனுப்பிவிடுவார்கள். நூல் வாங்கி, நிட்டிங், டையிங், காம்பாக்டிங் (பிறகு சுருங்காதபடி துணியை அமுக்குவது), கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் முடித்துத் தூத்துக்குடியில் கண்டெய்னர் ஏற்றுவதற்குள் இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். கப்பல் போய்ச் சேரும் நாள் தனி. அதனால் கோடை சீசனுக்கு எத்தனை பீஸ் என்பதைக் குளிர்காலத்திலேயே முடிவு செய்து ஆர்டர் போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கு தப்பினால் சீசன் முடியும்வரை சைஸ் வராது.

சைஸ் விகிதமும் அப்போதே முடிவாகிவிடும். எஸ் ஒன்று, எம் இரண்டு, எல் இரண்டு, எக்ஸ்எல் ஒன்று என்பது சாதாரணமாக வருகிற விகிதம். உலகமெங்கும் ஆட்கள் வருகிற இடத்தில் அது சரியாக உட்காராது. ஒரு சைஸ் மலைபோல் கிடக்கும், ஒன்று மதியத்துக்குள் காலி. ஆளுக்கு இத்தனைதான் என்று கட்டுப்பாடு வைக்க மட்டும் எந்தக் கப்பலும் வர வேண்டியதில்லை. அதில் நீங்கள் கோபப்படுவது நியாயம்.

கோபியிலிருந்து:

எல்லோரும் வெளியூர் பற்றி எழுதுகிறீர்கள், நான் நம்ம பக்கத்துத் தண்ணீர்ப் பூங்காவைப் பற்றிச் சொல்கிறேன். தீபாவளிக்குப் போனஸ் போட்டுத் திருப்பூர் கம்பெனிகள் லீவு விட்டதும், மறுநாளும் அதற்கடுத்த நாளும் பக்கத்தில் இருக்கும் ஒரு இடம் பாக்கி இருக்காது. கொடிவேரி, அமராவதி அணை, திருமூர்த்தி மலை, தண்ணீர்ப் பூங்காக்கள், எங்கே பார்த்தாலும் ஜனம். வருடம் முழுக்க இரண்டு ஷிப்ட் பார்க்கிற பிள்ளைகள், அவர்களுக்குக் கிடைக்கிற லீவே அதுதான். அவர்கள் போகட்டும், வேறு நாள் போக முடிகிறவர்கள் அந்த இரண்டு நாளை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தால் நல்லது என்பது என் எண்ணம்.

உடை விஷயம் ஒன்று. பருத்தித் துணியோடு தண்ணீருக்குள் விடமாட்டார்கள். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், சறுக்கில் இறங்கும்போது இழுக்கும், நூல் பிசிறு ஃபில்டரில் போய் அடைக்கும். விதி சரியானதுதான். ஆனால் அது டிக்கெட் வாங்கும் இடத்தில் தெரியவில்லை, உள்ளே போன பிறகுதான் சொன்னார்கள். பூங்காவின் பெயர் வேண்டாம். உடனே அங்கே இருக்கிற கடையில் நைலான் செட் வாங்க வேண்டியதாயிற்று, பெரியவர்களுக்கு ஏற்ற சைஸ் இல்லை. எங்கள் அத்தை கடைசிவரை கரையிலேயே பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஈரோடு, திருப்பூர் கடைவீதியில் அதே துணி பாதி விலைக்குக் கிடைக்கிறது, வீட்டிலேயே போட்டுப் பார்த்து எடுத்துக்கொண்டு போங்கள். அத்தைமார், பாட்டிமாருக்கு முழுக்கை வைத்ததாகக் கேளுங்கள், கொடுப்பார்கள்.

ஈரோட்டிலிருந்து:

தம்பி, கடைசியாக ஒன்று. மகளுக்கு ஒன்பது வயது, வெளிநாட்டு டி-சர்ட்டில் 8–10 என்று போட்டிருந்தால் சரியாக இருக்குமா? அவள் ஒல்லி.

திருப்பூரிலிருந்து:

வயதைப் பார்க்காதீர்கள் அக்கா, வயது அளவு ஒவ்வொரு நாட்டுக்கும் மாறும். வீட்டில் அவளுக்குச் சரியாக இருக்கிற ஒரு டி-சர்ட்டை மேசையில் விரித்து, அக்குளுக்குக் கீழே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை டேப் வைத்து அளந்து போனில் குறித்து வையுங்கள். கடையில் அதே இடத்தை அளந்து பாருங்கள். வளர்கிற பிள்ளை என்பதால் ஒரு அங்குலம் கூடுதலாக இருக்கலாம், உயரம் இரண்டு அங்குலம்வரை கூடினாலும் பரவாயில்லை. டேப் மறக்காமல் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், கடையில் கேட்டால் பெரும்பாலும் இருக்காது.