மொட்டை மாடி தேக்கு மேசை: நடு ஒட்டு பிளந்துவிட்டது, அடைத்தால் போதுமா?

மாடித்தோட்டம்:
இடம் சென்னை, மேலே கூரை கிடையாது. மேசைப் பலகை 6 அடி நீளம், 30 அங்குல அகலம். 5 அங்குலத் தேக்குப் பலகை ஆறு, 1 அங்குல கனம், ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஒட்டியது. அடியில் இரும்பு எல் ஆங்கிள் சட்டம். ஒவ்வொரு பலகையிலும் இரு முனைக்கும் நடுவுக்கும் இரண்டிரண்டு ஸ்க்ரூ, 5 மி.மீ. துளையில் இறுக்கமாக. டிசம்பரில் ஒட்டியபோது மீட்டரில் மரத்தின் ஈரம் 16%. இப்போது மே மாதம், 10%. நடு ஒட்டு 4 மி.மீ. திறந்திருக்கிறது, ஒரு ஓரப் பலகை முனையில் வெடித்தும் இருக்கிறது. மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கலாமா? பசைதான் மோசமா?

வைரக்கட்டை:
பசை மேல் தப்பில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். தட்டையாக அறுத்த தேக்கு (முகத்தோடு வளைய வரி படுத்திருக்கும் அறுப்பு), ஈரம் 1% மாறினால் அகலத்தில் சுமார் 0.186% மாறும். 762 மி.மீ. அகலம், 6% வித்தியாசம்: எட்டரை மி.மீ. சுருங்கப் பார்த்திருக்கிறது. குவார்ட்டர் அறுப்பாக (வளைய வரி முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும் அறுப்பு) இருந்தால் இதில் பாதிக்குச் சற்று மேல், நாலரை மி.மீ. நீள வாக்கில் அசைவு அனேகமாக இல்லை, அந்த 6 அடியைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இரும்புச் சட்டம் அந்த எட்டரையில் துளிகூட விட்டுக்கொடுக்காது. வெயிலில் 20 டிகிரி சூடேறினால் 0.2 மி.மீ. கூடவே செய்யும். இரண்டு ஓரமும் ஸ்க்ரூவில் மாட்டிக்கொண்டால், எது பலவீனமோ அது கிழியும். 4 மி.மீ. நடு ஒட்டில் போனது. மிச்சம் முனை வெடிப்பிலும் ஸ்க்ரூ துளை நசுங்கியதிலும் போயிருக்கும்.

தயவுசெய்து அடைக்காதீர்கள். ஐப்பசி மழையில் மரம் மறுபடி உப்பும்போது அந்த அடைப்பு ஆப்பு மாதிரி நின்று பக்கத்துப் பலகையை நெம்பும். பிளவு இடம் மாறுமே தவிரத் தீராது.

மூடிய பலகையாகவே வேண்டுமென்றால், அகலத்தில் நடுவே வரும் ஸ்க்ரூ வரிசையை மட்டும் இறுக்கமாக விட்டு, ஓரத்து வரிசைகளின் ஆங்கிள் துளையை அரத்தால் அகல வாக்கில் 15 மி.மீ. நீட்டுங்கள். அடியில் அகலமான வாஷர்.

காடி:
வீட்டுக்குள் என்றால் அது சரி. வெட்டவெளியில் மூடிய ஒட்டுப் பலகையே கூடாது என்பேன். மேல் முகம் வெயிலில் காய்கிறது, அடி முகம் நிழலில் ஈரமாக நிற்கிறது. ஸ்க்ரூ அசைய இடம் கொடுத்தாலும் பலகை கிண்ணம் போல் குழியும். குழியில் தண்ணீர் நிற்கும்.

ஒட்டு வரியிலேயே அறுத்து ஆறு தனிப் பலகையாக்குங்கள். ஐந்து வெட்டுக்கு 15 மி.மீ. போகும், வெட்டிய பத்து ஓரத்தையும் இழைக்க 10 மி.மீ. போகும். மிச்சம் 737. பலகைகளுக்கு நடுவே 5 மி.மீ. இடைவெளி விட்டால் ஐந்துக்கு 25, மொத்தம் பழைய 762-தான். ஸ்க்ரூ துளைகள் கிட்டத்தட்ட பழைய இடத்திலேயே வந்து நிற்கும். ஒரு பலகை 123 மி.மீ., அது அசைவது 1.4 மி.மீ. அளவு, இடைவெளி தாராளம்.

ஒவ்வொரு ஜோடி ஸ்க்ரூவிலும் ஒரு துளை 5 மி.மீ. ஆகவே இருக்கட்டும், மற்றதை ஆங்கிளில் 8 மி.மீ. ஆக்கி வாஷர் போடுங்கள். எல்லாப் பலகைக்கும் ஒரே பக்கத்துத் துளையை விரியுங்கள், அப்போதுதான் இடைவெளி சீராக மாறும். மரத்துக்குள் இருக்கும் துளையைத் தொட வேண்டாம்.

மாடித்தோட்டம்:
நன்றி. பலகையில் எந்த முகம் மேலே? முனை வெடிப்பை என்ன செய்வது?

காடி:
முனையில் வளைய வரியைப் பாருங்கள். மரத்தின் தோல் பக்கம் (வளைய வரி வெளியே புடைத்திருக்கும் பக்கம்) மேலே வரட்டும். காய்ந்த பலகை மழையில் ஈரம் குடிக்கும்போது அந்த முகம் லேசாகப் புடைக்கும், தண்ணீர் வழிந்துவிடும்.

வைரக்கட்டை:
ஒன்று சேர்க்கிறேன்: கோடையில் அதே முகம் சற்றுக் குழியும். 5 அங்குலத்துக்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் தோல் பக்கத்தில் வெளிறு (தோலை ஒட்டிய வெளுத்த மரம்) ஒட்டியிருந்தால், எந்த முகம் மேலே என்று பார்க்காமல் அந்த வெளிறை அறுத்து எறியுங்கள். தேக்கிலும் வெளிறு உளுத்துப்போகும்.

முனை வெடிப்பு முடியும் இடத்துக்கு அப்பால் ஓர் அங்குலம் தள்ளி வெட்டிவிடுங்கள். ஆறு பலகையையும் அதே நீளத்துக்கு. முனை வழியாகத்தான் ஈரம் பல மடங்கு வேகமாக ஏறி இறங்கும். வெட்டிய அன்றே நீர்த்த எபாக்ஸி (இரண்டு பாகம் கலக்கும் பிசின்) இரண்டு கை, முதல் கை உறிஞ்சிய பிறகு இரண்டாவது. தேக்கில் எண்ணெய் உண்டு, தின்னரால் துடைத்துவிட்டுப் பூசுங்கள்.

எண்ணெய் போடுவதானால் ஆறு முகத்துக்கும் போடுங்கள், அடிப்பக்கத்தை விட்டால் மறுபடி குழியும். இரும்பு ஸ்க்ரூ தேக்கில் கறுப்புக் கறை விடும், எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) 304 வாங்குங்கள், கடற்கரைக்கு அருகே வீடு என்றால் 316.

மாடித்தோட்டம்:
மழைக்காலத்தில் செய்தாலும் 5 மி.மீ. தானா?

காடி:
16% ஈரத்தில் மாட்டினால் 4 போதும், கோடையில் மரம் சுருங்கி இடைவெளி விரியும். இப்போது 10%-ல் மாட்டுவதால் 5-க்குக் குறைக்காதீர்கள். 5 மி.மீ. பிளைவுட் துண்டு இரண்டை ஒவ்வொரு இடைவெளியிலும் செருகி வைத்து ஸ்க்ரூ முடுக்கிவிட்டு உருவிவிடுங்கள்.