ஓடிபி வந்துவிடுகிறது, நான்தான் திரும்பி வருவதில்லை

மஞ்சக்குப்பம்வாசி:
கடலூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் 6 வருடமாக ஜிஎஸ்டி வேலை பார்க்கிறேன். மாதம் 11-க்குள் விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1, 20-க்குள் வரிக் கணக்கைக் காட்டும் 3பி. தவறினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரி பாக்கி நின்றால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி வேறு. எல்லாம் தெரியும். ஆனால் ஃபைல் செய்யத் தேவையான ஓடிபி கட்சிக்காரர் போனுக்குத்தான் போகும். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும்வரை சும்மா இருப்பானேன் என்று ரீல்ஸ் திறப்பேன். ஓடிபி வந்து, காலாவதியும் ஆகியிருக்கும்.

போன மாதம் அப்படித் தள்ளித் தள்ளி, 20-ம் தேதி சாயங்காலம் போர்ட்டல் சுற்ற ஆரம்பித்து, ஒரு 3பி மறுநாள்தான் போனது. 50 ரூபாயை நானே கட்டினேன். கடைக்காரர் "பரவால்ல தம்பி" என்றார். திட்டியிருக்கலாம். முன்பெல்லாம் 14-ம் தேதி, வாங்கிய பில்களின் பட்டியலான 2பி வந்ததும் ஒரு பில் இடித்தால்கூட விடாமல் துருவுவேன். இப்போது ஃபைல் ஆனால் போதும் என்றிருக்கிறது. என்ன செய்யலாம்?

கெடிலக்கரை:
எந்த ஃபைலைத் திறக்கும்போது கை போனுக்குப் போகிறது? ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். தள்ளிப்போடுவது நேரத்தைக் கையாளத் தெரியாததால் அல்ல, அந்த வேலை தரும் எரிச்சலிலிருந்து தப்பிக்கத்தான் என்று சிராய்ஸ், பிச்சில் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2013-இல் எழுதினார்கள். என் விஷயத்தில் அது அப்படியே பொருந்தியது.

வில்லியனூர் மேனேஜர்:
எதைச் செய்தாலும் ஆபீஸ் வைஃபையில் யூடியூபை அடைக்கச் சொல்லிவிடாதீர்கள். எங்கள் புதுச்சேரி ஆபீசில் நான் செய்தேன். எல்லோரும் மொபைல் டேட்டாவுக்கு மாறினார்கள், பாத்ரூம் வாசலில் வரிசை நின்றது. பத்து நிமிடம் டீயோடு எதையோ பார்ப்பவரால் எனக்கு நஷ்டமில்லை, தம்பி. ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டே பார்ப்பவர் செய்யும் தப்பைத் தேடத்தான் நேரம் போகிறது.

மஞ்சக்குப்பம்வாசி:
குறித்தேன் அண்ணா. 5 நாளில் 11 தடவை, அதில் 8 ஒரே ஹார்டுவேர் கடை ஃபைல்! பில்லை மங்கலாக, அதுவும் தலைகீழாகப் படம் பிடித்து அனுப்புவார்கள். அசல் பில் கட்டையே கொடுத்துவிடச் சொல்லிவிட்டேன். காலையில் முதலில் அதைத்தான் எடுக்கிறேன். ஓடிபி வந்ததும் கட்சிக்காரர் இனி ஆபீஸ் லேண்ட்லைனில் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். போன் வண்டி டிக்கியில். நேற்று மட்டும் ஸ்கோர் பார்க்க இரண்டு தடவை மாடிப்படி இறங்கினேன்.