எஸ்பெராண்டோவில் 'லா' எங்கே வரும், எங்கே வராது? உதவி தேவை

கேள்வி:

வணக்கம். மூன்று மாதமாக எஸ்பெராண்டோ படிக்கிறேன். வினைச்சொல், பன்மை எல்லாம் தடங்கலில்லாமல் வருகிறது, இந்த 'லா' மட்டும் பிடிபட மாட்டேன் என்கிறது. ஆர்ட்டிகிள் (ஆங்கிலத்தின் 'the' மாதிரி) என்று இருப்பது இது ஒன்றுதான், பால், எண், வேற்றுமை எதற்கும் மாறாது என்று முதல் விதியே சொல்கிறது. நானும் 'லா' என்றால் 'அந்த' என்று வைத்துக்கொண்டேன். ஆனால் 'லா சூனோ ப்ரீலாஸ்' வந்ததும் குழம்பிவிட்டேன். "அந்தச் சூரியன் பிரகாசிக்கிறது" என்று யார் சொல்வார்கள்?

நேற்றைய பயிற்சியில் இந்த மூன்றும் தவறு என்று வந்தது:

மி அச்சேத்திஸ் லீப்ரோ. (புத்தகம் வாங்கினேன்.)
லா மீயா ஹூந்தோ எஸ்தாஸ் க்ராந்தா. (என் நாய் பெரியது.)
மி லேர்நாஸ் ஆங்லான். (ஆங்கிலம் படிக்கிறேன்.)

முதல் வாக்கியத்தில் குறிப்பிட்ட புத்தகம் எதுவும் இல்லை, அதனால்தான் 'லா' போடவில்லை. அது எப்படித் தவறாகும்?

பதில் 1:

'லா' போடாதது சரிதான் நண்பரே. விட்டுப்போனது 'லீப்ரோ'வின் கடைசியில் வரவேண்டிய 'ன்'. தமிழ் பேசும் எல்லாரும் இங்கே தடுக்கி விழுவோம், ஏன் என்று சொல்கிறேன்.

"புத்தகம் வாங்கினேன்" என்றால் ஏதோ ஒரு புத்தகம். "புத்தகத்தை வாங்கினேன்" என்றால் நீங்களும் நானும் ஏற்கெனவே பேசிய புத்தகம். அதாவது நம் 'ஐ' உருபு, இது செயப்படுபொருள் என்றும் சொல்கிறது, இது தெரிந்த பொருள் என்றும் சொல்கிறது. எஸ்பெராண்டோவில் இந்த இரண்டு வேலைக்கும் தனித்தனி ஆள். செயப்படுபொருள் என்றால் தெரிந்ததோ தெரியாததோ, 'ன்' வந்தே தீரும். தெரிந்தது என்றால் 'லா' முன்னால் வரும்.

மி அச்சேத்திஸ் லீப்ரோன் = புத்தகம் வாங்கினேன்.
மி அச்சேத்திஸ் லா லீப்ரோன் = புத்தகத்தை வாங்கினேன்.

'ன்' பெயரோடும் பெயரடையோடும் ஒட்டும், 'லா'வோடு ஒட்டாது. 'லான்' என்று ஒன்று கிடையாது.

'அந்த' என்பதை மறந்துவிடுங்கள். அதற்கு 'தீயு' என்று தனிச்சொல் இருக்கிறது, 'தீயு' வந்த இடத்தில் 'லா' வராது. 'அந்த' விரல் நீட்டிக் காட்டும். 'லா' "எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்" என்பதோடு நின்றுவிடும். சூரியன் ஒன்றே ஒன்று, அதனால் எல்லாருக்கும் தெரிந்தது, அதனால் 'லா சூனோ'.

பதில் 2:

மற்ற இரண்டுக்கும்: 'மீயா' (என்) இருந்தாலே யாருடைய நாய் என்று தெரிந்துவிடுகிறது, 'லா' வேண்டாம். மொழிப் பெயர் அப்படியில்லை. 'ஆங்லா' என்பது பெயரடை. பின்னால் 'லிங்வோ' (மொழி) மறைந்து நிற்கிறது, அதனால் 'லா ஆங்லா' என்றுதான் வரும். நம் மொழியும் 'லா தமீலா'தான். 'எஸ்பெராந்தோ' தானே பெயர்ச்சொல், அதற்கு 'லா' கிடையாது. பாரிஸ், லண்டன் போன்ற ஊர்ப் பெயர்களுக்கும் கிடையாது.

பதில் 3:

விதிகளை மனப்பாடம் செய்வதைவிட, இந்த மொழியை உருவாக்கிய ஜாமென்ஹோஃபின் பயிற்சி வாக்கியங்களை வாய்விட்டுப் படியுங்கள். 1905இல் வந்த 'ஃபுந்தமேந்தோ' என்ற அவருடைய அடிப்படை நூலில் இருக்கின்றன. "ரோசோ எஸ்தாஸ் ஃப்ளோரோ", ரோஜா ஒரு பூ. சற்றுத் தள்ளி "லா ரோசோ அபர்தேனாஸ் அல் தெயோதோரோ", ரோஜா தெயோதோருடையது. முதலில் ரோஜா என்ற இனம், அடுத்து கண்முன் இருக்கிற ஒரு ரோஜா. அதே இடத்தில் "லா பாத்ரோ எஸ்தாஸ் தைலோரோ" என்றும் வரும். அப்பா யார் என்று தெரியும், அதனால் 'லா'. தையற்காரர் என்பது அவரைப் பற்றிய புதுச் செய்தி, அதற்கு இல்லை. எனக்கு எல்லாம் விளங்கியது இந்த ஒரு வாக்கியத்தில்தான்.

இன்னொன்று. ஆர்ட்டிகிள் கடினமாக இருப்பவர்கள் தொடக்கத்தில் அதைப் பயன்படுத்தாமலே விடலாம் என்று ஜாமென்ஹோஃபே அனுமதித்திருக்கிறார். அவர் வளர்ந்த பியாலிஸ்டாக்கில் கேட்ட ரஷ்ய, போலிய மொழிகளில் ஆர்ட்டிகிளே கிடையாது. நம் கஷ்டம் அவருக்குத் தெரிந்த கஷ்டம். தயங்காமல் எழுதுங்கள்.

கேட்டவர்:

மிக்க நன்றி. 'ஐ' விளக்கத்தை வைத்து ஒன்று எழுதிப் பார்த்தேன். "நேற்று ஒரு நாயைப் பார்த்தேன். நாய் தூங்கிக்கொண்டிருந்தது." முதல் வாக்கியத்தில் 'நாயை' என்று 'ஐ' இருக்கிறதே, அங்கே 'லா' வருமா? 'ஒரு'வுக்கு 'ஊனு' போடவேண்டுமா?

பதில் 1 எழுதியவர்:

நல்ல இடத்தில் பிடித்தீர்கள், நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். என் 'ஐ' கணக்கு உயிரில்லாத பொருளுக்குத்தான் ஒழுங்காகப் பொருந்தும். நாய், ஆள் என்று வந்தால் தெரியாததற்கும் நாம் 'ஐ' போடுவோம். அங்கே உருபைப் பார்க்காதீர்கள், கேட்பவருக்கு முன்பே தெரிந்த நாயா என்று பாருங்கள். முதல் தடவை தெரியாது: "ஹியேராவ் மி வீதிஸ் ஹூந்தோன்." இரண்டாம் தடவை தெரியும்: "லா ஹூந்தோ தோர்மிஸ்."

ஒவ்வொரு 'ஒரு'வுக்கும் 'ஊனு' வேண்டாம். இரண்டல்ல, ஒன்றுதான் என்று எண்ணிக்கையை அழுத்தும்போது போடுங்கள்.

கேட்டவர்:

திருத்தி எழுதிவிட்டேன், பாருங்கள்:

மி அச்சேத்திஸ் லீப்ரோன்.
மீயா ஹூந்தோ எஸ்தாஸ் க்ராந்தா.
மி லேர்நாஸ் லா ஆங்லான்.

பதில் 2 எழுதியவர்:

மூன்றும் சரி.