பொது அறிவியல் உரைகள், வான்நோக்கு இரவுகள்: எங்கே சறுக்குகிறது? (அனுபவப் பகிர்வு)

கடைசிவரிசை:

பெருநகரத்தில் அறிவியல் உரைகளுக்குப் பஞ்சமில்லை. பேச்சாளர் எப்படிப் பேசினார் என்று எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். அது கடைசி வரிசைக்கு வந்து சேர்ந்ததா என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. இந்த இழை அதற்குத்தான். நீங்கள் பார்த்த கோளாறு, அதன் காரணம், சரிசெய்யும் வழி. இவ்வளவு போதும், எந்த நிகழ்ச்சி, யார் நடத்தியது என்ற பெயரெல்லாம் வேண்டாம்.

முதலில் ஸ்லைடு எழுத்து. கண் பரிசோதனைப் பலகையில் சரியான பார்வைக்கென்று வைத்திருக்கும் வரியில், ஓர் எழுத்து ஒரு பாகையில் (டிகிரி கோணத்தில்) பன்னிரண்டில் ஒரு பங்கு உயரத்துக்குத் தெரியும். 20 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அது கிட்டத்தட்ட 3 செ.மீ. எழுத்து. அதுவே பார்வையின் எல்லை. சிரமமில்லாமல் படிக்கக் குறைந்தது இரண்டு மடங்கு, அதாவது 6 செ.மீ. வேண்டும். திரை 2 மீட்டர் உயரம் என்றால் 6 செ.மீ. என்பது அதில் 33இல் ஒரு பங்கு. வழக்கமான ஸ்லைடு 540 புள்ளி (பாயிண்ட்) உயரம், அதில் 33இல் ஒரு பங்கு 16 புள்ளி. ஆனால் எழுத்துரு அளவு என்று நாம் போடும் எண்ணில் ஏறக்குறையப் பாதிதான் எழுத்தின் உடல். ஆகவே 32 போட வேண்டும். தமிழுக்கு 36 போடுங்கள்; ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் உள்ள ஒரு சுழி வித்தியாசம் 32இல் கடைசி வரிசைக்குத் தெரியாது. 18இல் இரண்டு பத்தி போட்டுவிட்டு “பின்னால இருக்கறவங்களுக்குத் தெரியுதா?” என்று கேட்டுப் பயனில்லை. தெரியாதவர்கள் கை தூக்கமாட்டார்கள்.

இன்னொன்று. தரை சமமான அரங்கில் திரையின் கீழ்க் கால்பகுதி முன்வரிசைத் தலைகளுக்குப் பின்னால் போய்விடும். அங்கே வரைபடத்தின் கிடை அச்சை வைத்தால் பின்னால் இருப்பவர்களுக்குக் கோடு மட்டும்தான் தெரியும், எதற்கான கோடு என்பது தெரியாது.

ஒலிமேசை:

எழுத்து தெரியாவிட்டாலும் காதால் கேட்டு ஒப்பேற்றிவிடலாம். கேட்கவில்லை என்றால் ஆள் எழுந்து போய்விடுவார். சத்தம் கெடும் வழிகளை, அடிக்கடி நடக்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

சட்டையில் குத்தும் சின்ன மைக்கைத் தாடைக்குக் கீழே 15 முதல் 20 செ.மீ.க்குள் வைக்க வேண்டும். பேச்சாளர் திரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர் என்றால், திரை இருக்கும் பக்கத்துத் தோளை ஒட்டிக் குத்துங்கள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். அது மைக்கில் உரசி ‘டொக் டொக்’ என்று அரங்கம் முழுக்கக் கேட்கும், கழுத்தில் போட்டிருப்பவருக்கு மட்டும் கேட்காது. பெல்ட்டோ பாக்கெட்டோ இல்லாத உடை என்றால் டிரான்ஸ்மிட்டர் பெட்டியை மாட்ட இடமிருக்காது. அவர்களுக்கு முதலிலேயே கைமைக் கொடுத்துவிடுவது மரியாதை.

‘ஊய்ங்’ என்ற கூச்சல் எப்போதும் ஒரே காரணத்தால்தான். ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தத்தை மைக் மறுபடி பிடிக்கிறது, அது மறுபடி பெருகுகிறது. ஸ்பீக்கர்கள் மேடை விளிம்புக்கு முன்னால், அரங்கத்தைப் பார்த்து இருக்க வேண்டும். பேச்சாளர் அவற்றைத் தாண்டி இறங்கி நடந்தால் கத்தும். தரையில் டேப் ஒட்டி, “இந்தக் கோட்டைத் தாண்டாதீங்க” என்று சொன்னால் போதும். பேச்சாளர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

நீளமான அரங்கில் நடுவில் இரண்டாவது ஜோடி ஸ்பீக்கர் வைத்தால் அதற்கு டிலே (சத்தத்தைச் சற்றுத் தாமதித்து விடும் அமைப்பு) போட மறக்காதீர்கள். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 20 மீட்டருக்கு 58 மில்லி நொடி. டிலே இல்லாவிட்டால் பின்வரிசைக்குப் பக்கத்து ஸ்பீக்கர் முதலில் பேசும், மேடை பிறகு பேசும், வார்த்தை இரட்டிக்கும். 58ஐக் கொடுத்து, மேலே ஒரு 10 அல்லது 15 சேர்த்தால் சத்தம் மேடையிலிருந்தே வருவதுபோல் காது எடுத்துக்கொள்ளும். “சத்தம் இருக்கு, ஆனா புரியலை” என்று யாராவது சொன்னால் வால்யூமைத் தொடாமல் முதலில் இதைப் பாருங்கள்.

லேப்டாப்பிலிருந்து வீடியோ ஓட்டும்போது ‘உம்ம்’ என்று இரைந்தால் அனேகமாக சார்ஜர் வழியாக வரும் எர்த் இரைச்சல். ஒரு நிமிடம் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால், லேப்டாப்புக்கும் ஒலி மேசைக்கும் நடுவே ஒரு டி.ஐ. பெட்டி (எர்த் இணைப்பைத் துண்டிக்கும் சின்னப் பெட்டி) போடுவதுதான் நிரந்தர வழி.

கடைசிவரிசை:

டேப் யோசனை அருமை. லேப்டாப் பேச்சு வந்துவிட்டதால் அதையும் சேர்க்கிறேன். பழைய, யூனிகோடு அல்லாத தமிழ் எழுத்துருவில் செய்த ஸ்லைடு வேறு கணினியில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். பி.டி.எஃப். பிரதி ஒன்று கையில் இருந்தால் தப்பிக்கலாம். ஆனால் பி.டி.எஃபில் வீடியோவை நம்ப முடியாது, அதைத் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறை_மேசை:

திரவ நைட்ரஜன் இல்லாமல் குழந்தைகளுக்கான அறிவியல் காட்சி இல்லை என்றாகிவிட்டது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் குளிரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், காற்றைப் பார்த்துப் பயப்படுவதில்லை.

மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் அந்தத் திரவம் ஆவியாகி அறை வெப்பநிலைக்கு வரும்போது சுமார் 700 மடங்கு விரியும். 10 லிட்டர் என்றால் 7 கன மீட்டர் வாயு. 6 மீட்டருக்கு ஐந்தரை மீட்டர், 3 மீட்டர் உயரம் உள்ள ஒரு வகுப்பறை கிட்டத்தட்ட 100 கன மீட்டர். சன்னலெல்லாம் அடைத்து ஏசி ஓடும் அப்படி ஓர் அறையில் 10 லிட்டரும் ஆவியானால், 20.9 சதவீதமாக இருந்த ஆக்சிஜன் 19.5க்கு வந்துவிடும். அதற்குக் கீழே போனால் ஆக்சிஜன் குறைந்த காற்று என்பது அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு விதி. மூச்சுத் திணறினால்கூட எச்சரிக்கை கிடைக்கும். நைட்ரஜனில் திணறாது, நேராக மயக்கம்தான். பெரிய அரங்கில் பிரச்சினை இல்லை. பக்கத்துச் சின்ன அறையில் கேனை வைத்துக் கதவைச் சாத்துவதுதான் ஆபத்து.

லிஃப்ட் இன்னும் மோசம், ஏனென்றால் அது மிகச் சின்ன அறை. கேன் தனியாகப் போக வேண்டும். கீழே ஒருவர் பொத்தானை அழுத்திவிட்டு வெளியே வந்துவிடுவார், மேலே ஒருவர் காத்திருந்து எடுப்பார். நடு மாடியில் யாரும் ஏறிவிடாமலிருக்கக் கேனின் கழுத்தில் பெரிய எழுத்தில் “ஏறாதீர்கள்” அட்டை.

மூடி இறுக்கிய எந்தப் பாத்திரத்திலும் ஊற்றக் கூடாது, வெடிக்கும். கையுறை தொளதொளவென்று இருக்க வேண்டும், உள்ளே சிந்தினால் உதறிவிட முடிகிற மாதிரி. கால்சட்டை நுனியை ஷூவுக்குள் செருகாதீர்கள். முன்வரிசை மேசையிலிருந்து 3 மீட்டராவது தள்ளி.

உலர்பனிக்கட்டியும் அதே கணக்குத்தான், மைனஸ் 78.5. அதிலிருந்து வரும் கரியமில வாயு காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். தரையில் உட்காரவைப்பது குழந்தைகளைத்தானே. அந்த வெண்புகை, ஒளியை வைத்துப் புகையைக் கண்டுபிடிக்கும் அலாரத்தை அடிக்கவைக்கும் என்பதால் கட்டடப் பொறுப்பாளரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

வான் டி கிராஃப் பந்து (நிலைமின்சாரத்தைச் சேர்த்து முடியைச் சிலிர்க்கவைக்கும் உலோகப் பந்து): ஈரப்பதமான நாளில் வேலை செய்யாது. பெல்ட்டையும் தூணையும் முடி உலர்த்தியால் ஐந்து நிமிடம் காயவைத்தால் பெரும்பாலும் உயிர் வரும். முடி சிலிர்க்க நிற்பவருக்கு எண்ணெய் தடவாத, நீளமான, மெல்லிய முடி இருக்க வேண்டும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் தள்ளி நிற்கும்படி தொடங்கும் முன்பே அறிவித்துவிடுங்கள்.

எட்டங்குலம்:

உரையை விட்டு வெளியே வாருங்கள், வான்நோக்கு இரவுக்கு.

நகர வெளிச்சம் கெடுக்கிறது என்று புலம்புகிறவர்கள் விண்மீன் மண்டலங்களைக் காட்ட முயல்கிறவர்கள். நிலவு, வியாழன், சனி, இரட்டை விண்மீன்கள் ஆகியவற்றுக்கு நடு நகரமே போதும். நாள் தேர்வுதான் முக்கியம். வளர்பிறை ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் வையுங்கள். நிலவு மாலையிலேயே உயரத்தில் இருக்கும், பள்ளங்களின் நிழல் நீளமாக விழும். பௌர்ணமிக்கு வைத்தால் கூட்டம் வரும், ஆனால் நேர் வெளிச்சத்தில் நிழலே இல்லாமல் நிலவு வெள்ளைத் தட்டு.

வரிசைக் கணக்கு யாரும் போடுவதில்லை. ஓர் ஆளுக்கு 40 நொடி என்றால் ஒரு தொலைநோக்கியில் மணிக்கு 90 பேர். இரண்டு மணி நேரம், 500 பேர் என்றால் காகிதத்தில் மூன்று தொலைநோக்கி. நான்கு வையுங்கள், குழந்தைகளுக்கு 40 நொடி போதாது.

200 மி.மீ. விட்டம், 1200 மி.மீ. குவியத் தூரம் உள்ள டாப்சோனியனில் (கையால் திருப்பும் எளிய கண்ணாடித் தொலைநோக்கி) 25 மி.மீ. ஐபீஸ், அதாவது கண் வைத்துப் பார்க்கும் வில்லை, 48 மடங்கு பெருக்கும், வானத்தில் ஒரு பாகைக்குச் சற்று மேல் தெரியும். வானம் நான்கு நிமிடத்தில் ஒரு பாகை நகர்வதால் நிலவுக்கு அது தாராளம். சனிக்கு 10 மி.மீ. போட்டால் 120 மடங்கு, ஆனால் கோள் 100 நொடியில் பார்வையைக் கடந்துவிடும், இரண்டே பேர். மூன்றாமவர் வெறும் கறுப்பைப் பார்த்துவிட்டு, கூச்சத்தில் “ஆமா, தெரியுது” என்பார். இது எல்லா இடத்திலும் நடக்கிறது! அதனால் “தெரியுதா?” என்று கேட்காதீர்கள், “வளையம் எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கு?” என்று கேளுங்கள். கோளை நடுவில் வைக்காமல், அது உள்ளே நுழையும் விளிம்பில் வைத்தால் முழு 100 நொடியும் கிடைக்கும்.

வளையம் என்றதும் இன்னொன்று. 2025 மார்ச்சில் பூமி சனியின் வளையத் தளத்தைக் கடந்தது, வளையம் வெறும் கோடாகிப்போனது. 2032 வரை விரிந்துகொண்டே போகும். படங்களில் இருக்கும் அகலமான வளையத்தை எதிர்பார்த்து வருகிறவர்களிடம் வரிசையில் நிற்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள், ஏமாற்றம் ஆர்வமாக மாறும்.

மொட்டைமாடி வசதிதான். ஆனால் பகல் முழுக்கச் சூடேறிய கான்கிரீட் இரவில் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும், கோள் தண்ணீருக்குள் இருப்பதுபோல் ஆடும். பத்துப் பேர் நடந்தால் தளமும் அதிரும். புல்தரை கிடைத்தால் அதை எடுங்கள். தொலைநோக்கியை 45 நிமிடம் முன்பே வெளியே வைத்து, கண்ணாடியைக் காற்றின் வெப்பத்துக்கு வரவிடுங்கள். கைப்பிடி வைத்த சிறு ஏணி ஒன்று வேண்டும். பிடித்துக்கொள்ள ஒன்று கொடுக்காவிட்டால் குழந்தை ஐபீஸைப் பிடிக்கும்.

புதியவர்:

பகலில் சூரியனைக் காட்டலாமா? ஐபீஸில் திருகும் கறுப்பு ஃபில்டர் ஒன்று பெட்டியிலேயே வந்தது.

எட்டங்குலம்:

அதைக் குப்பையில் போடுங்கள், யாருக்கும் கொடுக்கவும் கொடுக்காதீர்கள். தொலைநோக்கி குவித்த வெப்பம் முழுக்க அந்தச் சின்னக் கண்ணாடியில் விழும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிசல் விடும். ஃபில்டர் எப்போதும் தொலைநோக்கியின் முன்வாயில், ஒளி நுழையும் இடத்தில் இருக்க வேண்டும், காற்றில் கழன்று விழாமல் டேப் போட்டு. ஃபைண்டருக்கும் (குறிபார்க்க மேலே பொருத்திய சின்னத் தொலைநோக்கி) மூடி. ஓர் ஆள் ஒரு நொடிகூட அதைவிட்டு நகரக் கூடாது. வெறுங்கண்ணால் பார்ப்பவர்களுக்கு ஐ.எஸ்.ஓ. 12312-2 தரக் கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு தொலைநோக்கியில் பார்க்கக் கூடாது.

கேள்விநேரம்:

உரைக்கே திரும்புகிறேன். ஒரு மணி நேரம் யாருக்கும் போதும் என்று மைக்கேல் ஃபாரடே 1813இல் நண்பருக்கு எழுதிய கடிதத்திலேயே சொல்லிவிட்டார். அந்த ஒரு மணியை 40 நிமிடம் பேச்சு, 20 நிமிடம் கேள்வி என்று பிரியுங்கள். 1998இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் தொடங்கிய கஃபே சையன்டிஃபிக் என்ற அறிவியல் உரையாடல் கூட்டம் இன்னும் துணிச்சலானது. 20 நிமிடம் பேச்சு, அனேகமாக ஸ்லைடு இல்லாமல், ஓர் இடைவேளை, பிறகு முழுக்க உரையாடல். இடைவேளையில்தான் சங்கடப்படுகிறவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் கேள்வியைச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

மைக்கைக் கேட்பவர் கையில் கொடுக்காதீர்கள், தொண்டர் பிடித்துக்கொள்ளட்டும். “இது கேள்வி இல்லை, ஒரு கருத்து” என்று தொடங்கும் ஐந்து நிமிட உரையை வேறு எப்படியும் நிறுத்த முடியாது. முதல் கேள்வியை முன்வரிசைப் பேராசிரியருக்குக் கொடுத்தால் அடுத்த நான்கும் அதே உயரத்தில் போகும், பள்ளிப் பிள்ளைகள் வாய் திறக்கமாட்டார்கள். பின்பாதியிலிருந்து ஆரம்பியுங்கள். பதிவு செய்கிறீர்கள் என்றால் நெறியாளர் ஒவ்வொரு கேள்வியையும் ஒரு வரியில் திருப்பிச் சொல்ல வேண்டும்.

சைகைமொழி பெயர்ப்பாளர் என்றால் இருவர் வேண்டும், 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாற. ஸ்லைடுக்காக விளக்கை அணைக்கும்போது அவர்மேல் விழும் விளக்கையும் சேர்த்து அணைத்துவிடுகிறார்கள். கலைச்சொல் பட்டியலை இரண்டு நாள் முன்பு கொடுத்துவிடுங்கள்.

புதியவர்:

மேகம் மூடிவிட்டால்? எல்லோரும் வந்த பிறகு?

எட்டங்குலம்:

அச்சிட்ட சனி. வளையத்தோடு சேர்த்துச் சனியின் அகலம் வானத்தில் சுமார் 40 விகலை (ஒரு விகலை, பாகையில் 3600இல் ஒரு பங்கு). 100 மீட்டர் தள்ளி 2 செ.மீ. அகலத்தில் ஒரு படம் வைத்தால் அதே கோணம். கறுப்பு அட்டையில் ஒட்டி, ஒரு டார்ச்சால் வெளிச்சம் போட்டு, மைதானத்தின் மறுகோடியில் வையுங்கள். 120 மடங்கில் உண்மையான சனி தெரியும் அளவுக்கே தெரியும். பக்கத்துப் பொருள் என்பதால் ஐபீஸ் வழக்கத்தைவிடச் சுமார் 15 மி.மீ. வெளியே வர வேண்டியிருக்கும். ஐபீஸை முன்பின் நகர்த்தும் ஃபோகஸர் அவ்வளவு நீளாவிட்டால் ஐபீஸைக் கொஞ்சம் இழுத்துத் திருகை இறுக்குங்கள். அச்சுப் படம் என்று வரிசையின் தொடக்கத்திலேயே ஓர் அட்டை வைத்துவிடுங்கள்.